தறி ஓடும் ஊரில் ஒலிப் பாடம்

எங்கள் ஊர்ப் பக்கம் தொட்டிலில் கிடக்கும் குழந்தை தறி ஓடும்போது தூங்கும், கரண்ட் போனால் விழித்துக்கொண்டு அழும். சோமனூர், கருமத்தம்பட்டி, தெக்கலூர், சாமளாபுரம், பல்லடம் என்று எந்தத் திசையில் போனாலும் இதையே சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்து ஓர் இரவு தங்கிய உறவினர் காலையில் கண் சிவக்க எழுந்து, "இந்தச் சத்தத்துல எப்படித்தான் இருக்கறீங்களோ" என்றால், "எந்தச் சத்தமுங்க?" என்று நாங்கள் நிஜமாகவே திருப்பிக் கேட்ட காலம் அது. அப்பேர்ப்பட்ட ஊரில், சன்னலுக்கு அந்தப் பக்கம் குடோனில் தறிகள் ஓட, இந்தப் பக்கம் கரும்பலகையில் 'அதிர்வுகளும் ஒலி அலைகளும்' என்று எழுதி அடிக்கோடு போட்டுப் பாடத்தைத் தொடங்கினானே ஓர் இளம் இயற்பியல் ஆசிரியன், எண்பதுகளின் அந்த மெலிந்த வாத்தியார், அவனை இப்போது நினைத்தால் எனக்குப் பாசமாக இருக்கிறது. சன்னலைச் சாத்திவிட்டால் சத்தம் போய்விடும், பாடம் நடத்திவிடலாம் என்று நம்பினான். சன்னலைச் சாத்தினால் புழுக்கம்தான் வந்தது, சத்தம் சுவர் வழியாக வந்தது. ஒலி திடப்பொருளில் காற்றைவிட வேகமாகப் போகும் என்ற பாடத்தைச் சுவரே முந்திக்கொண்டு நடத்திவிட்டது.

நாடாத் தறியின் சத்தம் கேட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பாவு நூல்கள் பாதி மேலேயும் பாதி கீழேயுமாகப் பிரியும்போது, அந்த இடைவெளியில் ஊடை நூலைச் சுமந்த நாடாவை ஒரு கட்டை ஓங்கி அடித்து அனுப்பும். அது மறுபக்கத்துப் பெட்டியில் போய் மோதி நிற்கும். அச்சுப் பலகை முன்னால் வந்து நூலை அடித்து நெருக்கும். அடுத்த கணம் மறுபக்கத்திலிருந்து அதே அடி. சாதாரணத் தறியில் இது நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 தடவை நடக்கும். வகுப்பில் நான் இதைக் கணக்காகக் கொடுப்பேன். 150-ஐ 60-ஆல் வகுத்தால் 2.5, ஆகத் தறியின் அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸ். இரண்டு பக்கம் தள்ளி மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "ஏனுங்க சார், ரெண்டரைன்னா இருவதுக்குக் கம்மிதானுங்க, அப்பறம் தறிச் சத்தம் நமக்கு எப்படிங்க கேக்குது?" என்றான். ஒரு நல்ல கேள்வி வகுப்பில் விழும்போது உண்டாகும் அமைதி இருக்கிறதே, தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்டது. விடையைக் கண்டுபிடிக்க நாங்கள் எல்லோரும் வகுப்பை விட்டு இறங்கிக் குடோன் வாசலுக்கே போனோம். காதில் விழுவது 2.5 ஹெர்ட்ஸ் அல்ல. ஒவ்வொரு அடியிலும் கட்டையும் இரும்பும் தோலும் தத்தம் இயல்புக்கு ஏற்ப நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அதிர்ந்து ஓய்கின்றன. அப்படி ஓய்கிற அடிகளின் வரிசைக்குத்தான் 2.5 என்று பெயர். சத்தம் வேறு, தாளம் வேறு என்று அன்றைக்குப் பிள்ளைகள் பிரித்துப் பார்த்தார்கள். 2.5 எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் உள்ளங்கையைச் சுவரில் வைக்க வேண்டும், அல்லது மேசைமேல் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு அதன் நடுவில் வட்டங்கள் பிறந்து பிறந்து மறைவதைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் எந்த வீட்டு டம்ளரும் அந்தப் பாடத்தை நடத்தும்.

விம்மல்கள் என்ற பாடமும் அப்படியே. அதிர்வெண்ணில் சிறிதே வேறுபட்ட இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சத்தம் ஏறி ஏறி இறங்கும் என்று புத்தகம் சொல்லும். இரண்டு இசைக்கவைகளில் ஒன்றின் காலில் கொஞ்சம் மெழுகு ஒட்டி அதைக் காட்டுவது வழக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு மெழுகு வேண்டியிருக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தறி, ஒன்று நிமிடத்துக்கு 150, இன்னொன்று 152 என்று ஓடினால், முதலில் தனித்தனியாகத் தட்டும். தட்டல்கள் மெல்ல மெல்ல நெருங்கி, ஒரு கட்டத்தில் ஒரே அடியாக விழுந்து, மறுபடி விலகும். நிமிடத்துக்கு இரண்டு முறை, அரை நிமிடத்துக்கு ஒரு முறை இப்படிக் கூடிப் பிரியும். இரவில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டபடி எண்ணாத பிள்ளை எங்கள் தலைமுறையில் கிடையாது. அதைத்தான் 'அதிர்வெண்களின் வேறுபாடே விம்மல்களின் எண்ணிக்கை' என்று எழுத வேண்டும் என்று சொன்னபோது, ஒரு பெண் பிள்ளை, "இதுக்குப் பேரெல்லாம் இருக்குதுங்களா சார்" என்று வியந்தாள்.

எங்கள் ஊருக்கு வாய்த்த பெரிய ஆய்வகம் நூல்தான். கம்பியின் அலை வேகத்துக்கு இழுவிசையும் ஒரு மீட்டரின் நிறையும் தெரிய வேண்டும். கல்லூரியில் நான் செய்த மெல்டியின் சோதனையைப் பள்ளியிலேயே செய்து காட்ட ஆசை. மின்மணியின் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு அதன் சுத்தியில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கப்பிமேல் போட்டுச் சில கிராம் எடை தொங்கவிட்டால் போதும். நூல் கணுவும் எதிர்க்கணுவுமாகப் பிரிந்து மிதக்கும். ஆனால் ஒரு மீட்டர் நூலின் நிறையைப் பள்ளித் தராசில் நிறுக்க முடியாது. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போது தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான். "இது நாப்பதாம் நம்பர் நூலுங்க சார். நாப்பதுன்னா ஒரு பவுண்டுக்கு நாப்பது சிட்டா. ஒரு சிட்டாவுக்கு 840 கெஜமுங்க." அவ்வளவுதான், பலகையில் கணக்கு ஓடியது. 33,600 கெஜம், அதாவது முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் நூல், வெறும் 454 கிராம். ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 15 மில்லிகிராம். தராசால் முடியாததை நூல் நம்பர் முடித்துக் கொடுத்தது. எடையைக் கால்வாசியாகக் குறைத்தால் புடைப்புகள் இரண்டு மடங்காகும் என்பதையும் கண்ணால் பார்த்தோம். சமன்பாட்டில் வர்க்கமூலம் எதற்கு வருகிறது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அந்தப் பையனின் அப்பா பாவு விறைப்பாக இருக்கிறதா என்று விரலால் சுண்டிப் பார்த்துச் சொல்கிறவர். மாரியம்மன் நோன்பில் பறையடிக்கிறவர்கள் கூளத்தைக் கொளுத்தி அதன் சூட்டில் தோலைக் காய்ச்சி இறுக்கிய பிறகே அடியைத் தொடங்குவார்கள். இழுவிசை கூடினால் சுருதி ஏறும் என்பது புத்தகத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே இவர்கள் விரலில் இருந்தது.

திருச்சிப் பக்கம் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனும் இப்படித்தான் நம் வாத்தியங்களின் பக்கம் போனார். சாதாரணத் தோலை அடித்தால் எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். மிருதங்கத்தின் நடுவில் பூசும் கறுப்புச் சோறு அவற்றை இரண்டு, மூன்று என்று முழு எண்களுக்கு அருகில் கொண்டுவந்து சேர்க்கிறது என்று 1920-இல் எழுதினார். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வந்தது 1930-இல். அதற்குப் பத்தாண்டு முன்பு அவர் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இத்தனை வசதி இருந்த ஊரில் ஒத்ததிர்வுத் தம்பம் மட்டும் எங்களை அழ வைத்தது. உங்களில் பலர் செய்திருப்பீர்கள். தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குழாய், அதன் வாயருகே இசைக்கவை, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் காற்றுத் தம்பம் 'ஊம்' என்று எழுந்து பாடும். 512 ஹெர்ட்ஸ் கவைக்கு எங்கள் வெயிலில் அது 17 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும், அடுத்தது 51-க்குப் பக்கத்தில். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து, இரண்டால் பெருக்கி, 512-ஆல் பெருக்கினால் ஒலியின் வேகம் கையில். ஆனால் அந்த 'ஊம்' காதில் விழ வேண்டுமே! குழாயில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, "இங்கயா?" "இல்லீங்க, இன்னும் கீழ" என்று இழுத்துக்கொண்டே போவோம். அப்போது கரண்ட் போகும். ஊரே ஒரே நொடியில் நிற்கும். தறிகள் தங்கள் வேகத்தில் இரண்டு மூன்று அடி அடித்து ஓயும் அந்தக் கடைசித் தட்டல்களும் அடங்கியபின், "சார், இப்ப, இப்ப!" என்று பிள்ளைகள் குழாயைச் சூழ்ந்துகொள்வார்கள். 2012 வாக்கில் தமிழகமே நாளில் பாதி இருட்டில் கிடந்தபோது, தறிக்காரர்கள் கூலி போச்சே என்று திண்ணையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அவர்கள் பிள்ளைகள் எங்கள் ஆய்வகத்தில் ஒத்ததிர்வைத் துல்லியமாகக் கேட்டார்கள். அந்த இரண்டையும் ஒன்றாக நினைக்காமல் என்னால் அந்த வருஷங்களை நினைக்க முடியவில்லை. 2022 தை, மாசியில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றபோதும் அதே அமைதி. அந்த அமைதியில் ஊரில் பலருக்குத் தூக்கம் வரவில்லை.

வகுப்புக்கு வெளியே ஒலி கிடைத்த இடங்கள் எத்தனை! கொங்குச் சீமையின் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். நூறடி ஆழக் கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்து உங்கள் பெயரைக் கூவினால், சற்று நேரம் கழித்து அது கனத்த குரலில் திரும்பி வரும். எதிரொலி தனியாகக் கேட்க 17 மீட்டர் தூரம் வேண்டும் என்ற விதியை, கிணற்றுக்குக் கிணறு கூவிப் பார்த்தே பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். ஆழமில்லாத கிணறு பதில் சொல்லாமல் வெறுமனே முழங்கும். அந்தக் கிணறுகளில் பல இப்போது தூர்ந்துவிட்டன. பக்கத்திலேயே ஆயிரமடி ஆழ்துளைக் குழாய் நிற்கிறது, ஆழம் பத்து மடங்கு, வாயில் இரும்பு மூடி. தண்ணீர் வருகிற வரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் யாரும் அதனுள் தன் பெயரைக் கூவ முடியாது.

நோன்பு சாட்டினால் கோயில் தென்னையில் ஒரு குழாய் ஸ்பீக்கரும் ஊர்க்கோடித் தென்னையில் ஒன்றும் கட்டுவார்கள். நடுவிலே ஏதோ ஒரு தோட்டத்தில் நின்று கேட்டால் ஒரே பாட்டு இரண்டு முறை வரும். இரண்டு பாட்டுக்கும் நடுவே ஒரு சொல் அளவு இடைவெளி இருந்தால் தூரத்தின் வித்தியாசம் இத்தனை மீட்டர் என்று நாங்கள் வரப்பில் நின்று கணக்குப் போட்டிருக்கிறோம். இப்போது பெட்டி ஸ்பீக்கர்கள், தெளிவான ஒலி, பாட்டு ஒரு முறைதான் வருகிறது. டாப்ளர் விளைவுக்குச் சோமனூர் ரயில் நிலையம். நிற்காத எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து கடக்கையில் சுருதி சட்டென்று இறங்கும். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டியானால் அந்த இறக்கம் ரி-யிலிருந்து ஸ-வுக்கு இறங்குவதைவிடச் சற்றே அதிகம். 1842-இல் டாப்ளர் காகிதத்தில் சொன்னதை மூன்று வருஷம் கழித்து ஹாலந்தில் பைஸ் பாலட் சோதித்தார். ஊதுகுழல் வாசிப்பவர்களை ரயிலில் ஏற்றி ஓடவிட்டு, தண்டவாளத்தின் ஓரத்தில் காது நுட்பமானவர்களை நிறுத்திக் கேட்க வைத்தார். அதை நான் பிளாட்பாரத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது வண்டி வந்துவிடும், கதை பாதியில் நிற்கும், பிள்ளைகள் 'ரீ-ஸா' என்று பாடிக் காட்டுவார்கள்.

இன்றைய வகுப்பு வேறு. அதை நான் குறை சொல்லத் தயாரில்லை. அரசுப் பள்ளியில் ஹைடெக் ஆய்வகம் இருக்கிறது. மணற்கேணி செயலியைத் திறந்தால் அலை கண்முன் நகர்கிறது. நான் கரும்பலகையில் பத்து நிமிடம் வரைந்து, சாக்குத்தூள் சட்டையில் படியப் படிய நெருக்கமும் நெகிழ்வும் என்று புள்ளிகளாகக் குத்தியதைத் திரை ஒரு நொடியில் நகர்த்திக் காட்டுகிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இன்னும் ஒரு படி மேலே. கைபேசிக்குள்ளேயே அதிர்வை உணரும் கருவி இருப்பதால், போனைக் குடோன் சுவரில் ஒட்டி வைத்தால் வரைபடத்தில் 2.5-க்கு நேராக ஒரு முகடு எழுகிறது. என் பழைய பின்பெஞ்சுக் கேள்விக்குத் திரையில் வந்து நின்ற பதில் அது. முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு போன்களை வைத்துக் கைதட்டி ஒலியின் வேகத்தையே அளக்கலாம். எங்களுக்கு ஒரு மின்வெட்டு வேண்டியிருந்த சோதனை இது.

ஆனாலும் திரையில் ஆடும் இசைக்கவை பல்லைக் கூச வைக்காது. பித்தளை மூடி போட்ட மரப்பெட்டியில் 256 முதல் 512 வரை எட்டுக் கவைகள் வரிசையாகப் படுத்திருக்கும். ரப்பர் சுத்தியைத் தேடாமல் முழங்காலில் தட்டி, காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தால் மண்டைக்குள்ளேயே பாட்டு. நுனியைத் தண்ணீரில் தொட்டால் முகத்தில் சிதறும், நெட்டிப் பந்தில் தொட்டால் பந்து துள்ளி ஓடும். தீப்பெட்டி டெலிபோனுக்கு நூல் கேட்டால் ஒவ்வொருவனும் தன் வீட்டுக் கழிவு நூலில் ஒரு கொத்து கொண்டுவருவான். நூல் தொய்ந்தால் பேச்சு போகாது, யார் கையாவது நடுவில் பட்டால் அணைந்துவிடும், "டேய், நூலத் தொடாதறா!" என்று மைதானம் முழுக்கக் கூச்சல். ஒலி என்பது தொடக்கூடியது, தொட்டால் நிற்கக்கூடியது என்று விரல் கற்றுக்கொண்ட பாடம் அது. காணொளி பார்த்த பிள்ளை தேர்வில் நன்றாகவே எழுதுகிறது. ஆனால் இசைக்கவையைக் கையில் கொடுத்தால் எங்கே பிடிப்பது என்று தேடுகிறது. வகுப்புக்கு ஒரு பெட்டி இசைக்கவையாவது திரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பார்க்கிற ஆசிரியர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம். தறிக்குடோனுக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. உதட்டைப் படித்துக் கையசைத்துப் பேசுவார்கள். இங்கிலாந்தின் லங்காஷயரில் நெசவு ஆலைப் பெண்களும் இப்படி உதட்டு மொழியில்தான் பேசினார்கள். வருஷக்கணக்கில் உரத்த சத்தத்தில் நிற்கும் காதில் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதி. கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் 1886-லேயே கொதிகலன் செய்யும் தொழிலாளர்களின் காதுகளைச் சோதித்துச் செவிட்டுத்தனத்தைக் காட்டிவிட்டார். உயிரெழுத்துகளின் கனம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை காதில் நிற்கும். ச, ஸ, த போன்றவற்றின் நுனி உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் முதலில் உதிரும். எங்கள் ஊர் அப்புச்சிகள், "சத்தம் கேக்குதுங்க தம்பி, பேச்சுத்தான் வெளங்கமாட்டேங்குது" என்று சொல்வது இதைத்தான். நம் நாட்டில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை வரம்பு. நாடா ஓடும் குடோன் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், சிறு குடோன்கள் பலவும் அந்த வரம்பின் கணக்கிலேயே வராதவை. டெசிபல் பத்துக் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்கு என்பதைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, தன் அப்பாவின் காதுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும் என்று அறிய வேண்டும். ஒரு மாணவி போனில் 1,000 ஹெர்ட்ஸை ஒலிக்கவிட்டு அப்பாவிடம் காட்டினாள், தலையசைத்தார். 4,000-ஐ ஒலிக்கவிட்டாள், "ஓடுதா?" என்று கேட்டார். அவள் மறுநாள் என்னிடம் வந்து கேட்ட கேள்விகள் எந்த வினாத்தாளிலும் இல்லை.

அதனால் ஊர் அமைதியாகி வருவதைப் பார்த்து வருந்த எனக்கு மனம் வருவதில்லை, மகிழவும் முடிவதில்லை. அந்த அமைதி காதுகளைக் காக்க வந்ததல்ல. கூலி கட்டாமல் தறிகளை எடைக்குப் போட்டதால் வந்தது. ஒரு காலத்தில் கடன் வாங்கி இறக்கிய தறி, இரும்புக் கடைத் தராசில் கிலோ கணக்கில் ஏறியதை எத்தனை வீடுகள் பார்த்திருக்கின்றன. தாக்குப்பிடித்தவர்களில் சிலர் நாடா இல்லாத தறிகளுக்கு மாறினார்கள். ஏர்ஜெட்டில் காற்றே நூலை ஊதி அனுப்புகிறது, நிமிடத்துக்கு 600 தடவைக்கு மேல். அதாவது பத்து ஹெர்ட்ஸுக்கு மேல். அடி அடியாகக் கேட்டது உறுமலாகிவிட்டது. அந்த உறுமலிலும் 90-ஐத் தாண்டும் தறிகள் உண்டு என்பதை மறக்கக்கூடாது.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். அவனும் இப்போது இயற்பியல் ஆசிரியர், இதே வட்டாரத்தில் ஒரு பள்ளியில். "சார்ங்க, பசங்களுக்கு நாடாத் தறி ஓடறதக் காட்டோணுங்க. எங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்ததெல்லாம் நின்னு போச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச குடோன் எதாச்சும் இருக்குதுங்களா?" சோமனூர் வட்டாரத்துப் பிள்ளைகளைத் தறிச் சத்தம் கேட்கச் சுற்றுலா கூட்டிப் போகிறார்கள்! எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொன்னேன். ரெண்டு தறி பக்கத்துல பக்கத்துல ஓடுது, விம்மல் நல்லாக் கேக்கும், டம்ளர்ல தண்ணி கொண்டுபோ, நாப்பதாம் நம்பர் நூல் ஒரு கோன் அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்க என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். "அப்பறம் கண்ணு, மருந்துக்கடையில காதடைப்பான் விக்குது. ஒரு பையனுக்கு ஒரு ஜோடி. தறிக்காரருக்கும் சேத்து வாங்கிக்கோ."